யார் என்ற கேள்வி

துப்பறியும் தொடர் ஒன்று முடியப்போகிறது என்று தெரிந்ததும் அதைப் பார்ப்பவர்களின் பேச்சு மாறிவிடும். அதுவரை கதையில் வருகிறவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் கதையை எழுதியவரைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். “இன்னும் நாலு வாரம்தான் இருக்காம், அதுக்குள்ள எப்படி முடிப்பாரு?” என்று ஒருவர் கவலைப்படுவார். “அந்த டாக்டர் மேலதான் எனக்குச் சந்தேகம்” என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். கடலூரில் ஏறிச் சிதம்பரத்தில் இறங்கும் பஸ்ஸில், ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில், இப்படிப்பட்ட வாதங்களை நான் கேட்டிருக்கிறேன். பேசியவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாதவர்கள். கதையில் செத்துப்போன ஓர் ஆளுக்காக, அவரைக் கொன்றது யார் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று எல்லாரும் ஒரே கட்சியாக நின்றார்கள்.

அந்தத் தவிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். பொழுதுபோக்கு என்று அதைத் தள்ளிவிட முடியாது. இல்லாத ஒரு மனிதரின் சாவுக்குக்கூட விளக்கம் கேட்கிற மனசு நமக்கு இருக்கிறது. அந்த மனசு எங்கிருந்து வருகிறது, தொடர் முடிந்த பிறகு அது எங்கே போகிறது என்பதுதான் நான் இங்கே யோசிக்க விரும்புவது.

1993 ஏப்ரல் 14ஆம் தேதி சன் டிவி தொடங்கியது. அடுத்த பத்து ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகளின் மாலை நேரமே மாறிப்போனது. ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘ஆனந்தம்’ என்று குடும்பத் தொடர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடின. அந்தத் தொடர்களுக்கு முடிவு தேவைப்படவில்லை. ஒரு கல்யாணம் முடிந்தால் ஒரு வளைகாப்பு வரும். ஒரு சண்டை ஓய்ந்தால் பங்காளி ஒருவர் புதிதாக வருவார். வாழ்க்கையும் அப்படித்தான் போகிறது என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. துப்பறியும் தொடருக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் வாரத்தில் ஒரு சாவைக் காட்டிய நிமிடமே அது கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. எத்தனை வாரம் தவணை கேட்டாலும் ஒருநாள் அசலைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

நல்ல எழுத்தாளர்களுக்கு இது தெரியும். அகதா கிறிஸ்டி தன் துப்பறிவாளர் ஹெர்குல் பொய்ரோவின் கடைசிக் கதையை இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே எழுதிப் பூட்டி வைத்துவிட்டார். அது நூலாக வந்தது 1975இல். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் இறந்துபோனார். இடையில் முப்பது ஆண்டுகள் போல அந்த முடிவு காத்திருந்தது. அந்தக் கதை தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது, 24 ஆண்டுகளாகப் பொய்ரோவாக நடித்துவந்த டேவிட் சூஷே 2013 நவம்பரில் விடைபெற்றார். தொடங்கும்போதே முடிவு கையில் இருக்க வேண்டும் என்ற ஒழுக்கம் இந்த வகைக் கதைக்கு உயிர்.

தமிழ்த் தொலைக்காட்சியில் அந்த ஒழுக்கத்தோடு வந்தவை கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த மர்மத் தொடர்கள். நன்னிலத்தில் பிறந்த பாலசந்தர் படித்தது சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். 1949இல் விலங்கியல் பட்டம் பெற்று வெளியே வந்தார். பின்னாளில் அவருடைய நிறுவனத்தில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, ‘மர்மதேசம்’ வந்தது. ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ என்று தனித்தனிக் கதைகள். 2000களின் நடுவில் அதே எழுத்தாளரும் அதே இயக்குநரும் சேர்ந்து சன் டிவிக்குக் கொடுத்த தொடருக்குப் பெயர் ‘சிதம்பர ரகசியம்’. நாடி ஜோதிடம், ஓலைச்சுவடி, சித்த மருத்துவம், இவற்றுக்கு நடுவில் கொலைகள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தொடர் நெருக்கமாக இருந்ததற்கு ஊர்ப் பெயர் மட்டும் காரணமில்லை. சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டிச் சீர்காழி வழியாகப் போனால் வைத்தீஸ்வரன்கோயில் வந்துவிடும். நாடி ஜோதிடம் என்றாலே தமிழ்நாடு நினைப்பது அந்த ஊரைத்தான். பெருவிரல் ரேகையை வைத்து ஓலையைத் தேடி எடுத்து, பிறந்த நேரமும் பெற்றோர் பெயரும் அதில் இருக்கிறது என்று படித்துச் சொல்வார்கள். பெண்ணுக்கு வரன் அமையாதவர்களும், வியாபாரம் நொடித்தவர்களும், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அங்கே போய்க் காத்திருப்பதைப் பார்த்து வளர்ந்த பகுதி இது. ‘எல்லாம் முன்னாடியே எழுதியாச்சு’ என்பது இங்கே வெறும் பேச்சில்லை. பலர் அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளைக் கடத்துகிறார்கள். அந்த நம்பிக்கையின் மத்தியில் ஒரு கொலையை வைத்து, ‘இதுவும் எழுதியதுதானா, இல்லை யாராவது செய்ததா?’ என்று ஒரு தொடர் கேட்டால், அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்திரா சௌந்தர்ராஜனும் நாகாவும் செய்த வேலையின் சாரம் இதுதான் என்று நினைக்கிறேன். ‘விடாது கருப்பு’ கதையில், தப்பு செய்கிறவர்களைக் கருப்பு என்ற சாமி குதிரையில் வந்து தண்டிக்கிறது என்று ஊரே நம்புகிறது. குளம்புச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறது. அந்த நம்பிக்கைக்குள் கதை நம்மை வாரக்கணக்கில் உட்கார வைக்கிறது, நாமும் பயப்படுகிறோம். கடைசியில் அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவது ஒரு மனித மனத்தில் சின்ன வயதில் விழுந்த காயத்தின் முன்னால். கருப்புசாமியை அந்தக் கதை கேலி செய்யவில்லை. ஊரின் பக்தியையும் மட்டம் தட்டவில்லை. சாமிக்கு உரியதைச் சாமியிடம் விட்டுவிட்டு, மனிதர் கையால் நடந்ததை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து வெளிச்சத்தில் வைத்தது. பகுத்தறிவுக்காரர்களும் பக்திமான்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்த தொடர் அது. இருவரில் யாரும் எழுந்து போகவில்லை.

ஆகவே ஒரு துப்பறியும் தொடரின் கடைசி வாரங்களில் நடப்பதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: ஒரு கோடு வரையப்படுகிறது. கோட்டின் ஒரு பக்கம் விதி, தற்செயல், நோய், இயற்கை. இன்னொரு பக்கம் ஒரு மனிதரின் கை. அதுவரை இரண்டும் கலந்து கிடந்தன. குற்றவாளிக்கு வேண்டியதும் அந்தக் கலப்புதான். துப்பறிகிறவர் இரண்டையும் பிரிக்கிறார். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அந்தப் பிரிப்பைத்தான்.

இந்தக் கோட்டைப் பற்றி யோசிக்கக் கடலூர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடத்தை நான் அறியேன்.

சிதம்பரத்தில் நடராசர் சந்நிதியில் கூத்தபிரானுக்கு அருகே ஒரு திரை தொங்குகிறது. தீட்சிதர் திரையை விலக்கித் தீபாராதனை காட்டும்போது உள்ளே தெரிவது பொன்னால் ஆன வில்வ இலைச் சரங்கள். வேறு உருவம் இல்லை. ஐம்பூதத் தலங்களில் இது ஆகாயத்துக்கு உரியது. அந்த வெளியே அங்கே வழிபடப்படுகிறது. பல நூறு மைல் பயணம் செய்து வந்தவர்கள் அந்த ஒரு கணத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிறைவோடு திரும்புகிறார்கள். உள்ளே ஆள் இல்லையே என்று ஏமாந்து திரும்பியவர் எவரையும் நான் கண்டதில்லை.

வடலூரில் வள்ளலார் நிறுவிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகள், ஏழு நிறங்களில். 1872 ஜனவரியில் அங்கே வழிபாடு தொடங்கியது. மாதப் பூசத்தில் ஆறு திரைகளை விலக்குவார்கள். தைப்பூசத்தன்று ஏழும் ஒன்றன்பின் ஒன்றாக விலகி ஜோதி தெரியும். கூட்டம் பல மணி நேரம் அதற்காகக் காத்து நிற்கும். வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில், 1874 ஜனவரி 30ஆம் தேதி, வள்ளலார் ஓர் அறைக்குள் சென்று கதவைத் தாழிடச் செய்தார். பிறகு அரசு அதிகாரிகள் வந்து திறந்து பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது. ஒளியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. ஒன்றரை நூற்றாண்டு ஆன பிறகும் தைப்பூசத்தை அடுத்து மக்கள் அந்த அறையின் முன்னால் வந்து நின்று வணங்குகிறார்கள்.

இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு இப்படிச் சில ரகசியங்களோடு அமைதியாக வாழத் தெரியும். அவற்றிடம் யாரும் வாக்குமூலம் கேட்பதில்லை. வெளி, ஒளி, மரணத்துக்கு அப்பால் உள்ளது: இவற்றின் முன்னால் தலைவணங்கி நிற்பது ஒரு பண்பாடு. மனிதர் அறிவுக்கு எல்லை உண்டு என்பதை ஏற்கும் பணிவு அதில் இருக்கிறது. அந்தப் பணிவை நான் குறைத்து மதிக்கவில்லை. என் முன்னோரிடமிருந்து எனக்கும் வந்திருக்கிறது அது.

ஆனால் அதே பணிவை, தலைவணங்கக் கூடாத இடத்துக்கும் கொண்டுபோய்விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இங்கேதான் துப்பறியும் கதை நமக்குத் தேவைப்படுகிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம், பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் குப்பங்கள், கிள்ளை கடற்கரை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. கொன்றது யார் என்று கேட்டால் பதில் கிடையாது. கடலுக்கு வஞ்சம் இல்லை. நிலத்தட்டு நகர்ந்ததற்கு நோக்கம் இல்லை. விதி என்று சொல்லி அழுதவர்களிடம் யாரும் வாதாட முடியாது, வாதாடவும் கூடாது.

என்றாலும், அங்கேயும் சிலர் நிதானமாகக் கேட்டார்கள். சுமத்ராவில் நிலம் அதிர்ந்ததற்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்ததே, ஏன் யாரும் சொல்லவில்லை? இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே இல்லை என்பது அதற்குப் பதிலாக வந்தது. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. இன்னொரு கேள்வி: பக்கத்துப் பக்கத்துக் கிராமங்களில் ஒன்று அழிந்து இன்னொன்று தப்பியது எப்படி? அறிவியலாளர்கள் கடலூர்க் கரையின் செயற்கைக்கோள் படங்களை முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சுரபுன்னைக் காடும் சவுக்குத் தோப்பும் நின்ற இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவு என்று 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பிச்சாவரத்தில் படகுச் சவாரிக்குப் போகிறவர்கள் அழகு என்று பார்த்துவரும் அந்த வேர்கள் உயிர்களைக் காத்திருந்தன. காட்டை வெட்டுவதா வளர்ப்பதா என்பது மனிதர் முடிவு.

கடல் எடுத்தது கடலின் பங்கு. சொல்லாமல் விட்டதும், மரத்தை வெட்டியதும் நம் பங்கு. அந்தப் பேரழிவில்கூட இரண்டையும் பிரித்துப் பார்த்ததால்தான் அடுத்த தலைமுறைக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்தது. எல்லாம் விதி என்று மொத்தமாக ஒப்படைத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

இனி, மனிதர் கை மட்டுமே இருந்த ஒரு வழக்கு.

1993 மார்ச். சன் டிவி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு. கடலூர் தனி மாவட்டமாகப் பிரிவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு. விருத்தாசலம் பக்கத்தில் முதனை என்ற ஊர். குறவர் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ராஜாக்கண்ணுவை ஒரு திருட்டு வழக்கு விசாரணைக்கு என்று கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. ‘தப்பி ஓடிவிட்டார்’ என்றது போலீஸ். ஒரே வரியில் ஒரு கதை. அந்த வரிக்குப் பின்னால் பார்க்க யாருக்கும் அவசியமில்லை என்ற நிச்சயத்தோடு சொல்லப்பட்ட கதை.

அவர் மனைவி பார்வதி அதை நம்பவில்லை. காவல் நிலையத்தில் கணவர் அடிபட்டுக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். எழுந்து நிற்க முடியாத ஆள் எப்படி ஓடுவார்? துப்பறியும் கதைகளில் ஆயிரம் தடவை நாம் கேட்ட கேள்விதான் அது: நடந்ததாகச் சொல்வது நடக்கக்கூடியதுதானா? பெரிய படிப்போ பதவியோ இல்லாத ஒரு பெண் அந்தக் கேள்வியைக் கீழே வைக்க மறுத்தார். ஊர்க்காரர்களும் இயக்கத் தோழர்களும் துணை நிற்க, சென்னைக்குப் போய் வழக்கறிஞர் கே. சந்துருவைச் சந்தித்தார். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. மாவட்ட எல்லையைத் தாண்டி மீன்சுருட்டிப் பக்கத்தில், அடையாளம் தெரியாதவர் என்று கணக்கில் எழுதப்பட்டிருந்த ஓர் உடல், ராஜாக்கண்ணுவுடையது என்று தெரியவந்தது.

அதன் பிறகும் ஆண்டுகள் போயின. காவலர்கள் குற்றவாளிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2006இல். 13 ஆண்டுகள். ‘ஜெய் பீம்’ படம் 2021இல் வந்தபோதுதான் பலருக்கு இந்த வழக்கே தெரியவந்தது. படத்தில் மனைவியின் பெயரும் சமூகமும் மாறியிருந்தன. அதற்கு முன்பு அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில், அடுத்த வாரம் என்ன ஆகும் என்று பஸ்ஸில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. கடைசிப் பகுதி எப்போது என்று யாரும் காத்திருக்கவில்லை. ஒரே ஒரு பெண், பக்கத்தில் சிலரோடு, கேட்டுக்கொண்டே இருந்தார்.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் நெஞ்சு கனக்கிறது. தமிழ்நாடு மர்மத் தொடர்களில் மூழ்கிக் கிடந்த அதே ஆண்டுகளில், சிதம்பரத்தின் பெயரைச் சூட்டிய தொடரில் கொலையாளி யார் என்று நாம் தவித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு வீட்டில், அந்தக் கேள்வி நிஜமாகவே எரிந்துகொண்டிருந்தது. இதைச் சொல்லித் தொடர் பார்த்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. தொடருக்காகத் தவித்த மனசும் பார்வதியின் மனசும் ஒரே மனசுதான் என்பதைச் சொல்லவே விரும்புகிறேன். செத்தவர் பதில் கேட்க முடியாது. அவருக்காக வேறொருவர் கேட்க வேண்டும் என்று இரண்டுக்கும் தெரியும். ஒன்றுக்கு வாரம் ஒருநாள் அரை மணி நேரம் பயிற்சி கிடைத்தது. மற்றதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முழு வாழ்க்கையே அதுவாக இருந்தது.

பயிற்சி என்று சொன்னேன். துப்பறியும் தொடர் எனக்குத் தந்ததை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. யார் பேசுகிறார்கள் என்பதோடு யார் பேசாமல் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க அது பழக்கியது. பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக ஒரு விவரத்தை உண்மை என்று எடுத்துக்கொள்ளாதே என்றது. முதல் வாரத்தில் ஒரு வேலைக்காரர் சொன்ன சின்ன வார்த்தை கடைசி வாரத்தில் முழுக் கதையையும் திருப்பிப் போடும் என்று காட்டியது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும், யாரும் பொருட்படுத்தாத ஒரு பாட்டிக்குத்தான் எல்லாம் தெரியும் என்று எத்தனை கதைகளில் பார்த்துவிட்டோம்! சமூகம் யாருடைய சொல்லைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லையோ, அவருடைய சொல்லில்தான் உண்மை இருக்கிறது என்பது துப்பறியும் கதை தன் போக்கிலேயே சொல்லித் தரும் அறம். கம்மாபுரத்தில் நடந்ததும் அதுவே.

அமெரிக்காவில் 1990இல் ‘ட்வின் பீக்ஸ்’ என்ற தொடர் வந்தது. லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியைக் கொன்றது யார் என்று நாடே கேட்டது. தொலைக்காட்சி நிறுவனத்தின் வற்புறுத்தலால் இரண்டாம் பருவத்தின் நடுவிலேயே கொலையாளியைக் காட்டிவிட வேண்டியதாயிற்று. பார்க்கிறவர்கள் குறைந்தார்கள், 1991இல் தொடர் நின்றுபோனது. விடையைச் சொன்னால் ஆர்வம் போய்விடும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. விடை வந்த பிறகு அந்தப் பெண்ணுக்காகக் கேட்கும் குரல் கதையின் நடுவிலிருந்து விலகிவிட்டது. கேட்கிறவர் போனதும் பார்க்கிறவர்களும் போனார்கள்.

விடைதான் நம்மைக் கட்டிப்போட்டிருந்தது என்றால், ஒரு தடவை பார்த்த மர்மத் தொடரை யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள். ஆனால் ‘மர்மதேசம்’ இணையத்துக்கு வந்த பிறகு, அன்றைக்குச் சிறுவர்களாக இருந்து கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தவர்கள், இப்போது தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து பார்க்கிறார்கள். கருப்பு யார் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் ஒவ்வொரு தடயமாக எடுத்துக் கோக்கும் அந்தப் பொறுமையைப் பார்க்க அவர்களுக்கு அலுக்கவில்லை. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10ஆம் தேதி மதுரையில் காலமானார். அவர் முடிச்சுகள் எல்லாம் அவிழ்க்கப்பட்டுப் பல காலம் ஆகிவிட்டது. அவர் கேட்ட விதம் மட்டும் இன்னும் புதிதாக இருக்கிறது.

ஆகவே, ஒரு துப்பறியும் தொடர் முடியப்போகிறதே என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இது. முடியட்டும். முடிய வேண்டும். அந்தக் கதை நேர்மையாக இருப்பதற்கு அது ஒன்றே அடையாளம். இன்னும் நூறு வாரம் இழுத்தால் செத்தவரின் பெயர் நமக்கு மறந்துபோகும். கேள்வி வெறும் விளையாட்டாகிவிடும். கடைசி வாரம் பெயர் சொல்லப்பட வேண்டும். எப்படி நடந்தது, எப்போது நடந்தது, யார் மறைத்தார்கள், யார் தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள் என்று வரிசையாக வைக்கப்பட வேண்டும். அப்போதுதான் கதையில் மிச்சம் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்ப்பதை நிறுத்துவார்கள். செய்தவர் யார் என்று தெரியாத வரை, செய்யாத எல்லார் மேலும் அந்தப் பழி படிந்திருக்கிறது. பெயரைச் சொல்வது தண்டிப்பதற்காக மட்டும் இல்லை, மற்றவர்களை விடுவிப்பதற்காகவும்தான்.

தொடர் முடிந்ததும் துப்பறிகிறவர் போய்விடுவார். நம் ஊர்களில் அப்படி ஒருவர் இருப்பதும் இல்லை. துப்பறியும் நாவல்களில் வரும் கணேஷும் வசந்தும் வந்து வாதாட மாட்டார்கள். சங்கர்லால் டீயைக் குடித்துவிட்டு வழியைக் கண்டுபிடித்துத் தர மாட்டார். இருப்பது நாம்தான். பக்கத்துத் தெருவில் ஒரு மருமகள் ‘வயித்து வலி தாங்காம’ செத்துப்போனாள் என்று சொல்லப்படும். விஷவாயு தாக்கிக் கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் இறந்தார் என்று நாலு வரிச் செய்தி வரும். வேலைக்குப் போன பையன் திரும்பவில்லை என்பார்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வருத்தத்தோடு தலையை ஆட்டி, ‘விதி’ என்று சொல்வார். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேரின் கை ஒளிந்துகொள்கிறது!

மனித வாழ்வில் திரைகள் இரண்டு விதம். ஒன்றின் முன்னால் கைகூப்பி நிற்கலாம். அதன் பின்னால் இருப்பது நம் அறிவைவிடப் பெரியது. இன்னொன்றைப் பிடித்து இழுத்தே ஆகவேண்டும். அதன் பின்னால் நம்மைப் போன்ற ஒரு மனிதர் நிற்கிறார், தன் செயலுக்குக் கடவுளின் பெயரையோ காலத்தின் பெயரையோ சூட்டிவிட்டு. எது எந்தத் திரை என்று பிரித்து அறிவதுதான் விவேகம். முதல் திரையை இழுக்கப் பார்ப்பது அகந்தை. இரண்டாவது திரையை வணங்குவது அதைவிடப் பெரிய பாவம், ஏனென்றால் அந்த வணக்கத்தின் விலையைச் செத்தவரும் அவரைச் சேர்ந்தவர்களும் கொடுக்கிறார்கள்.

உண்மை எங்கோ ஆழத்தில் புதைந்து கிடப்பதால் மறைந்திருக்கவில்லை. பெரும்பாலும் அது மேலேதான் கிடக்கிறது, கேட்பாரில்லாமல். கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்தது அங்கே இருந்த பலருக்கும் தெரியும். தெரிந்த பலரால் வெளிவராத உண்மை, கேட்ட ஒருவரால் வெளிவந்தது. நீதி என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் கடைசியில் அந்த ஒருவரின் பிடிவாதத்தில்தான் நிற்கிறது. செத்தவருக்காக ‘யார்?’ என்று கேட்கிற குரல் ஓயாமல் இருக்கும்வரை எந்தக் கொலையும் விதி ஆகிவிடாது.